கோலும் நிழலும்

பெங்களூரில் வாழும் தமிழர் பலருக்கும் ஓசூர்ச் சாலையே ஊருக்குச் செல்லும் வாயில். சென்ற மே மாதம் நாமும் குடும்பத்துடன் அவ்வழியே புறப்பட்டு, நெரிசலுக்கு அஞ்சித் தேன்கனிக்கோட்டைப் பக்கம் திரும்பினோம். அவ்வூரைக் கடந்து கிளைச் சாலைகளில் அலைந்தபோது கைபேசி அணைந்துவிட்டது. எதிரே ஒரு முச்சந்தி, பெயர்ப்பலகை இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. குழந்தைகளுக்கு வைத்திருந்த தண்ணீரோ குறைந்து வந்தது. இராயக்கோட்டை கிழக்கே உள்ளது என்பது மட்டும் நினைவிலிருந்தது. ஆனால் உச்சிவேளையில் கிழக்கு எது?

கைபேசி இடமறிவது செயற்கைக் கோள்களின் கடிகாரங்களைக் கொண்டு. ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழைபடும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டுக்கென வகுத்த வழிகாட்டும் கோள்களில் முதலாவதை 2013 ஜூலையில் ஏவியது. அதில் அணுக் கடிகாரங்கள் மூன்று இருந்தன. ஒன்று போனால் மற்றொன்று என்பது ஏற்பாடு. ஆயினும் மூன்றுமே பழுதுபட்டன. 2018 ஏப்ரலில் மாற்றுக் கோள் ஒன்று விண்ணேறியது. வல்லுநரே மாற்றுக்கு மேல் மாற்று வைக்கும்போது, வழிச்செல்வோர் ஒன்றையே நம்பிப் புறப்படுவது அறிவுடைமை ஆகுமா?

நமக்கு மாற்றாக வாய்த்தது ஒரு கோல். அதைச் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்தோம். கால் மணி நேரம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல்லை வைத்தோம். முதற்கல் மேற்கு, அடுத்தது கிழக்கு. இரண்டையும் இணைக்கும் கோடு ஏறத்தாழக் கிழமேற்காக அமையும். சூரியன் மேற்கே செல்ல, நிழல் கிழக்கே நகர்வதே இதன் காரணம். இது புதிய உபாயமன்று. அரண்மனை வகுத்தோர் இரு கோல்களை நட்டு, நிழலால் திசை துணிந்ததை நெடுநல்வாடை கூறுகிறது.

கைக்கடிகாரத்தின் முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துத் தெற்கை அறியும் முறை குளிர்நாடுகளுக்கு ஏற்றது. பெங்களூரிலோ ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு இடைப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால், அம்முறை நம்மை ஏமாற்றிவிடும். இரவாயின் துருவ நட்சத்திரம் உண்டு. பெங்களூரில் அது வடக்கே தொடுவானுக்கு மேல் 13 பாகை உயரத்தில் நிற்கும். அதாவது, நீட்டிய கையின் முட்டி அகலத்தைவிடச் சற்றே அதிகம்.

கற்கள் காட்டிய கிழக்குச் சாலையில் சென்று, இராயக்கோட்டையை அடைந்தோம். கைபேசியைக் கைவிட வேண்டுவதில்லை. அச்சிட்ட வழிப்படம் ஒன்றும், உறவினர் தொலைபேசி எண்களை எழுதிய தாள் ஒன்றும் உடனிருக்கட்டும். நிழல் முறையையோ வீட்டு முற்றத்திலேயே ஒருநாள் குழந்தைகளுடன் செய்து பார்த்துவிடுவோம். அறிந்து வைத்த கலைக்கு மின்சாரம் வேண்டாம் அன்றோ!