வனப்பட்டு: உரிமையோடு சேர்ந்த கடமை

புது தில்லி: நாடாளுமன்றம் 2006-ல் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், தேன், மெழுகு, அரக்கு ஆகியவற்றுடன் டசர் பட்டுக்கூட்டையும் சிறு வன விளைபொருளாக அறிவித்தது. அதைச் சேகரித்து விற்கும் உரிமை வனவாசிகளுக்குக் கிடைத்தது.

இக்கூட்டைத் தரும் அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எளிது. நான்கு சிறகுகளிலும் கண் போன்ற வட்டங்கள். அவற்றின் நடுப்பகுதி கண்ணாடி போல் ஒளியை ஊடுருவ விடும். பெண் பூச்சி உருவில் பெரியது. ஆணின் உணர்கொம்புகள் இறகு போல் அகன்றவை.

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா வனங்களில் கருமருது, நீர்மருது, சால் மரங்களின் இலைகளே இதன் புழுவுக்கு உணவு. நான்கு முறை தோலுரித்து வளரும் புழு, கிளையில் காம்புடன் தொங்கும் கெட்டியான கூட்டைக் கட்டுகிறது. பருவத்தின் கடைசிக் கூட்டுப்புழு குளிர்காலத்தையும் கோடையையும் உள்ளேயே உறங்கிக் கழித்து, மழைக்காலத் தொடக்கத்தில் பூச்சியாக வெளிவருகிறது. அப்பூச்சி எதையும் உண்பதில்லை. சில நாள்களில் இணை சேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. பஸ்தரின் "ரைலி', சிம்லிபாலின் "மோடல்' ஆகியவை காட்டில் தாமாகவே வளரும் வகைகள். பூச்சி வெளிவருமுன் கூடுகள் அனைத்தும் பறிக்கப்பட்டால், முட்டையிட ஒரு பூச்சியும் மிஞ்சாது. ஒரு பகுதியை மரத்திலேயே விட்டுவைப்பதே வழி. கூடு விற்றுப் பிழைக்கும் குடும்பங்கள் அதற்கு இசைய வேண்டுமானால், பறித்த கூட்டுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும்.

அதே சட்டத்தின் 5-வது பிரிவு, வன உயிர்களைக் காக்கும் அதிகாரத்தை கிராம சபைக்கு வழங்கியுள்ளது. எத்தனை கூடுகளைப் பறிப்பது, எத்தனையை விடுவது என்பதை அங்குதான் முடிவு செய்ய வேண்டும்.