பலகையில் பேரரசுகள் – 12: காரியின் குதிரை, சோழரின் சுருள்வாள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போகிறவர்கள் கடப்பாக்கத்தில் வண்டியைத் திருப்புவது பெரும்பாலும் ஆலம்பரைக் கோட்டைக்காகத்தான். இடிந்த செங்கல் மதில், கழிமுகம், கரையேற்றிய படகுகள், படம் எடுத்துக்கொள்ளத் தோதான சாயங்கால வெயில். அந்த ஊரை உள்ளடக்கிய பேரூராட்சியின் பெயர் இடைக்கழிநாடு என்பதைக் கவனிப்பவர்கள் குறைவு. சங்கப் பாட்டில் ஏறிய பெயர் அது. சிறுபாணாற்றுப்படையைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார்.

கணினி விளையாட்டுத் தொடரில் நத்தத்தனாருக்கு என்ன வேலை? ஒரு நாகரிகத்துக்கு யாரைத் தலைவராக வைப்பது, வேறு யாரிடமும் இல்லாத எதை அவருக்குக் கொடுப்பது என்று விளையாட்டை வடிவமைக்கிறவர்கள் இன்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அந்த வேலையின் ஒரு பகுதியை அவர் 269 அடிகளுக்குள் செய்துவைத்திருக்கிறார். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் புகழ வந்தவர், முதலில் ஏழு வள்ளல்களை வரிசையாக நிறுத்துகிறார். பேகன் என்றால் மயிலுக்குப் போர்வை. பாரி என்றால் முல்லைக்குத் தேர். அதிகன் (அதியமான்) என்றால் ஔவைக்கு நெல்லிக்கனி. ஆளுக்கொரு செயல், மற்றதெல்லாம் போயிற்று. அதியமான் எத்தனை போர் செய்தான், பாரியின் பறம்பை மூவேந்தர் எப்படி முற்றுகையிட்டார்கள் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. காரியும் ஓரியும் மோதியதைச் சொல்லும்போது, அவரவர் ஏறியிருந்த குதிரையின் பெயரும் காரி, ஓரி என்றே வருகிறது. தலைவனும் அவனுக்கே உரிய படையும் ஒரே அடியில் அடங்கிவிட்டன.

இன்றைய வடிவமைப்பாளருக்கு இவ்வளவு சுலபமில்லை. சதுரங்கத்தில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் காய்கள் ஒன்றே. வியூக விளையாட்டுகளும் தொடக்கத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. 1991-இல் வந்த ‘சிவிலைசேஷன்’ முதல் பாகத்தில் எகிப்தியரானாலும் இந்தியரானாலும் காலாளும் குதிரைவீரனும் பொது. வேறுபாடு கொடியின் நிறத்திலும் தலைவரின் முகத்திலும்தான். இந்தியாவுக்குக் காந்தி. 1999-இல் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம் 13 நாகரிகங்களுக்கும் தனிப்படை கொடுத்தது: பிரிட்டானியருக்கு நெடுவில், ஜப்பானியருக்குச் சாமுராய், பாரசீகருக்குப் போர்யானை. 2001-இல் ‘சிவிலைசேஷன்’ மூன்றாம் பாகமும் அதே வழிக்கு வந்தது. இந்தியாவுக்கு யானை கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 2005-இல் வந்த நான்காம் பாகத்தில் தலைவர்கள் காந்தியும் அசோகரும். தனிப்படை யானையா, தேரா? இரண்டும் இல்லை. மற்றவர்களுடைய வேலையாளைவிட வேகமாக நடக்கிற வேலையாள்! சாலை போடவும் வயல் வெட்டவும் அவன் ஓட்டமும் நடையுமாகப் போவான். சண்டைக்கு உதவமாட்டான். ஆனாலும், தேர்ந்த ஆட்டக்காரர்கள் பலர் அவனை மதித்தார்கள். பல தனிப்படைகளுக்கு ஒரு காலக்கெடு உண்டு. துப்பாக்கி வந்ததும் சாமுராய் பின்வரிசைக்குப் போய்விடுவான். வேலையாளுக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வேலை இருக்கும்.

காந்தியைப் பற்றிய கதையும் இங்கே சொல்லிவிடத் தக்கது. கணக்குப் பிழையால் அவருடைய மூர்க்கம் பூஜ்யத்துக்குக் கீழே போய், சுற்றிவந்து உச்சத்தில் நின்றது, அதனால்தான் அவர் அணுகுண்டு வீசினார் என்று பல ஆண்டுகளாகப் பேசப்பட்டது. 2020-இல் வெளிவந்த தன் நினைவுக்குறிப்பில், ‘சிவிலைசேஷனை’ உருவாக்கிய சித் மெயர் அப்படியொரு பிழையே இருக்கவில்லை என்று மறுத்துவிட்டார். ஆனால் கதை நிலைத்துவிட்டது. முல்லைக்குத் தேர் மாதிரி, காந்திக்கு அணுகுண்டு.

தமிழர் பக்கம் வருவோம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்தில் ‘இந்தியர்’ என்ற ஒற்றை நாகரிகம் 2013-இல்தான் நுழைந்தது. டில்லியும் தஞ்சையும் அதில் ஒன்று. 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கம் அதைப் பிரித்து, இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ஜரர், திராவிடர் என்று நான்காக்கியது. திராவிடருக்குக் கதைநாயகன் முதலாம் இராசேந்திரன். தனிப்படைகளாகச் சுருள்வாள் வீரனும் ‘திரிசடை’ என்ற போர்க்கப்பலும் கிடைத்தன.

சுருள்வாள் திரையில் அழகாக இருக்கிறது. வீசினால் பக்கத்தில் நிற்கிறவனுக்கும் அடி விழும். கேரளக் களரியிலும் நம் சிலம்பக்கூடங்களிலும் இன்றும் சுழற்றப்படும் ஆயுதம்தான். ஆனால் சோழர் படை அதை நம்பியா கடாரம் போனது? தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் ஏராளமாக வருகின்றன: ஆனையாட்கள், குதிரைச் சேவகர், வில்லிகள், கைக்கோளர், வேளைக்காரர். மன்னருக்காக உயிரையே கொடுப்பதாகச் சூளுரைத்த வேளைக்காரரை விட்டுவிட்டுச் சுருள்வாளைப் பிடித்தது ஏன் என்று வரலாற்று மாணவருக்கு ஆற்றாமை வரும். திரையில் வேளைக்காரன் சாதாரண வாள்வீரன் மாதிரிதான் தெரிவான் என்பதே பதில். தனிப்படை தூரத்திலிருந்து பார்த்தாலும் அடையாளம் தெரிய வேண்டும்.

‘திரிசடை’ அதைவிடச் சிக்கல். தரணி, லோலா, வஜ்ரா, திரிசடை என்று சோழர் கப்பல்வகைப் பட்டியலொன்று இணையமெங்கும் உலவுகிறது. அதைப் பகிர்கிறவர்கள் கல்வெட்டு ஆதாரம் எதையும் கூடவே தருவதில்லை. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடல்நடுவே கலங்கள் போனதைச் சொல்கிறது. கடார மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. பிடித்த ஊர்களை அடுக்குகிறது. கப்பலுக்கு எத்தனை பாய், எத்தனை துடுப்பு என்று சொல்லவில்லை. 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன்’ ஏழாம் பாகம் சோழரைத் தனி நாகரிகமாகச் சேர்த்தபோது, கப்பலுக்கு வெறுமனே ‘கலம்’ என்று பெயர் வைத்தது. தெரிந்ததோடு நிற்பது நல்ல குணம்.

தனிப்படையைவிட, கொடுக்காமல் விட்ட படை சில நேரம் வரலாற்றுக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது. அந்த 2022 விரிவாக்கத்தில் திராவிடருக்குக் கனரகக் குதிரைப்படையே கிடையாது. யானை உண்டு, காலாள் உண்டு, கப்பல் உண்டு. நல்ல குதிரைதான் இல்லை. ஆட்டக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்லிப் புலம்புவார்கள். 13-ஆம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பதும் அதே புலம்பல்: இங்கே குதிரை வளர்வதில்லை, அரேபியக் கரையிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பெரும்பணம் கொடுத்து வாங்குகிறார்கள், பராமரிப்புத் தெரியாமல் அவை செத்துப்போகின்றன. திராவிடருக்குக் கொடுத்த உருக்குத் தொழில்நுட்பமும் அப்படியே பொருந்துகிறது. அதைக் கற்றுவிட்டால் காலாளின் வெட்டுக்கு எதிரியின் கவசம் நிற்காது. மூசையில் உருக்கு செய்ததற்கான தடயம் நம் கொடுமணல் அகழாய்விலேயே கிடைத்திருக்கிறது.

‘சிவிலைசேஷன்’ ஏழாம் பாகம் சோழருக்குச் செய்த இன்னொரு தேர்வு இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும். சோழ நகரில் மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்று இரண்டு கட்டடங்களை எழுப்பலாம். இரண்டையும் ஒரே கட்டத்தில் கட்டினால் அந்தப் பகுதி ஐந்நூற்றுவர் வட்டாரமாக மாறும். மூன்றும் வணிகக் குழுக்கள். 1088-இல் சுமத்திராவின் பாரூசில் தமிழ்க் கல்வெட்டு நட்டவர்கள் ஐந்நூற்றுவர். வாளும் யானையும் எல்லா அரசர்களிடமும் இருந்தன. அலைகடலுக்கு அப்பால் தமிழில் கல்வெட்டு நடும் அளவுக்கு ஊன்றிய வணிகர் எல்லோருக்கும் வாய்க்கவில்லை.

அப்படியென்றால் இந்த மாமல்லபுரக் கரைக்கு என்ன கொடுப்பது? பல்லவரைத் தனி நாகரிகமாக எடுத்தால் அதிசயக் கட்டடத்துக்குப் பஞ்சமில்லை. இராசசிம்மனின் கடற்கரைக் கோயில் இருக்கிறது. தனிப்படைக்கும் கல்வெட்டுச் சான்றே கிடைக்கிறது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘அவனிநாரணம்’ என்ற குளத்தைப் பேசுகிறது. அவனிநாரணன் மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டம். குளத்தைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும். வணிகரும் படைவீரரும் ஒரே வரியில்! சரக்கோடு போய் இறங்கி, குளம் வெட்டி, காவலும் வைக்கும் ஒரு காயைச் செய்தால், ஆட்டத்தில் அதற்கு ஈடு இருக்காது.

தலைவர் தேர்வில்தான் சண்டை வரும். செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டில் எழுதிவைத்த மகேந்திரவர்மனுக்குப் பாறை நிலத்தில் செலவில்லாமல் கட்டும் திறனைத் தரலாம். 642-இல் வாதாபியைப் பிடித்து, இலங்கையின் மானவர்மனுக்குக் கப்பலும் படையும் கொடுத்தனுப்பிய நரசிம்மவர்மன் என்றால் நிலம், கடல் இரண்டும் கைக்குள். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் இருநூறுக்கும் மேற்பட்ட பட்டங்களைப் பொறித்துக்கொண்ட இராசசிம்மன் வந்தால் எந்தத் திறனைக் கொடுப்பது என்று தெரியாமல் வடிவமைப்பாளர் திணறிப்போவார்.

ஆனால் தலைவர் அரசராகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி ஏழாம் பாகத்தில் இல்லை. கன்ஃபூசியஸ், மாக்கியவெல்லி, பெஞ்சமின் ஃபிராங்க்ளின் எல்லாம் அதில் தலைவர்கள். யாரும் எந்த நாகரிகத்தையும் ஆளலாம் என்பதால் சோழநாட்டை ஃபிராங்க்ளின் ஆளும் கூத்தும் நடக்கும். அசோகருக்கு அங்கே இரண்டு வடிவங்கள்: உலகை வென்றவர், உலகைத் துறந்தவர். இரண்டையும் ஒரே உடம்பில் செய்த ஒருவர் நம்மிடம் இருக்கிறார். யானைப்படையோடு போய் வாதாபியை அழித்துப் பொருள் கொண்டுவந்த பரஞ்சோதியார்தான் பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர். மன்னன் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. வாதாபி என்ற ஊரை வைத்து அவன் நரசிம்மவர்மன் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். படைத்தலைவர் சிவனடியார் என்று தெரிந்ததும் மன்னன் பதறி, நிதி கொடுத்து அவரைப் பணியிலிருந்து விடுவிக்கிறான். இதை விதியாக எழுதினால், ஆட்டத்தின் மிகப்பெரிய வெற்றி கிடைத்த அடுத்த சுற்றிலேயே தலைவர் படையை விட்டு விலகிவிடுவார். கையில் பெரும்பொருளும் தலைவனில்லாத யானைப்படையும் மிஞ்சும். வெற்றியை எந்தச் சுற்றில் எடுப்பது, எதுவரை தள்ளிப்போடுவது என்று ஆட்டக்காரர் முதல் சுற்றிலிருந்தே கணக்குப் போட்டாக வேண்டும்.

(அடுத்த இதழில்: நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய ஆலம்பரைக் கோட்டையும், விளையாட்டில் முற்றுகைக்கு உள்ள விதிகளும்)