அச்சேறும் முன்

ஆஸ்திரேலியாவின் 50 டாலர் நோட்டில், உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டுமே படிக்க முடிகிற மிகச் சிறிய எழுத்துகளில் ஓர் உரைப்பகுதி உண்டு. 2018ஆம் ஆண்டு வெளிவந்த புதிய நோட்டில், 'பொறுப்பு' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல் அந்தப் பகுதியில் ஓர் எழுத்துக் குறைவாக அச்சேறியது. ஏறத்தாழ 46 மில்லியன் நோட்டுகள் அச்சிடப்பட்ட பிறகு, 2019ஆம் ஆண்டு மே மாதம்தான் பிழை வெளியே தெரிந்தது. தவறு நேர்வதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது!

பணநோட்டிலேயே பிழை தப்பிவிடுகிறது என்றால், அது எப்படிக் கண்ணில் படாமல் போகிறது? பழகிய சொல்லை நாம் எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. அதன் தோற்றத்தைக் கண்டதுமே, இருக்க வேண்டியதை மனம் நிரப்பிக்கொள்கிறது. எழுதியவருக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம். தாம் எழுத நினைத்ததையே அவர் மீண்டும் படிக்கிறார். தாளில் உள்ளதை அன்று. அதனால்தான், அச்சிடுவதற்கு முன் எடுக்கும் மாதிரிப் படியாகிய 'மெய்ப்பை' மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வேலையை வேறொருவரிடம் கொடுக்கிறார்கள்.

சிங்கப்பூரில் தமிழுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்றான தமிழ், பொது இடங்களில் பல பலகைகளில் இடம்பெறுகிறது. ஆனால், அவற்றை வடிவமைப்பவருக்கும் அச்சிடுபவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். 2014ஆம் ஆண்டில், லாவ் பா சாட் உணவங்காடிக்கு வழிகாட்டிய பலகையில் 'சாட்' என்பது சனிக்கிழமையாகக் கருதப்பட்டு, 'சனி' எனத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. 2017ஆம் ஆண்டின் தேசிய தின அணிவகுப்புத் துண்டுப் பிரசுரத்தில் தமிழ் வாசகம் சிதைந்து அச்சாகியிருந்தது. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டனர். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

எழுத்துகள் சிதைவதற்குக் கணினியும் ஒரு காரணம். 'தேன்' என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு போட்டு, பிறகு 'த' எழுதுகிறோம். கணினியோ முதலில் 'த' என்பதையும் அதன் பின்னர்க் கொம்பையும் சேமிக்கிறது. தமிழ் எழுத்துமுறையை அறிந்த மென்பொருள், கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டும். அறியாத மென்பொருள் அதைச் சேமித்த வரிசையிலேயே நிறுத்திவிடும். அப்போது கொம்பு 'த' என்பதை விட்டுவிட்டு, அடுத்துள்ள 'ன்' என்பதோடு போய் ஒட்டிக்கொள்ளும். மொழிபெயர்ப்பாளர் அனுப்பிய கோப்பில் பிழையே இல்லாதபோதும், வேறொரு மென்பொருளுக்கு மாற்றியதும் வாசகம் உருக்குலையலாம். ஆகவே, கோப்பைப் பார்த்தால் மட்டும் போதாது. அச்சாகி வரும் மாதிரித் தாளையே பார்க்க வேண்டும். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றொருவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடர்வது பழைய முறைதான். ஆனாலும், விடுபட்ட சொற்களைக் கண்டுபிடிக்க அது இன்றும் உதவுகிறது.

எழுத்துப்பிழை திருத்தும் செயலிகள் இந்த வேலையை முழுமையாகச் செய்துவிடுவதில்லை. 'வேளை', 'வேலை' இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால் செயலி பெரும்பாலும் பேசாமல் இருந்துவிடும். 'வேளைக்கு ஒரு மாத்திரை' என்பது மருந்துத் தாளில் 'வேலைக்கு ஒரு மாத்திரை' என்று அச்சாகிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வேலைக்கே போகாத ஒரு பாட்டி அதை எப்போது விழுங்குவார்? கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு ஆங்கிலமோ மலாயோ தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால், அவர் தமிழ்த் தாளைத் தேடியிருக்கவே மாட்டார்.