விடிய விடிய விழித்திருக்கும் வேலை

அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு பிரிட்டன் முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பார்கள். ஊருக்கு ஒரு மணி நேரம் கூடுதல் தூக்கம். மருத்துவமனையில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸுக்கு அது கூடுதல் வேலை. சாதாரண நாளிலேயே ஒரு ஷிஃப்ட் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். அன்று அது பதின்மூன்றையும் தாண்டும்.

அப்படி நிற்பவர் வேலூரிலோ நாகர்கோவிலிலோ படித்தவராக இருக்கலாம். பிரிட்டனின் செவிலியர் பதிவேட்டில் 2024 நிலவரப்படி ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பயின்றவர். அவர்களில் இந்தியாவில் படித்தவர்களே அதிகம். கேரளத்துப் பெண்கள் முன்னே நடந்த பாதையில் தமிழ்நாட்டுப் பெண்களும் ஆண்களும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். போனவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பது நம் தெருவுக்கே தெரியும். ராத்திரி முழுக்க அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்பவர் குறைவு.

பகலில் வார்டில் டாக்டர்கள் வருவார்கள், பிசியோதெரபிஸ்ட் வருவார், உறவினர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். இரவில் இவர்கள் யாரும் இல்லை. ஒரே டாக்டர் பல வார்டுகளைச் சுற்றிக்கொண்டிருப்பார். ஒருவருடைய உடல்நிலை சரியத் தொடங்கினால் அதை முதலில் பார்க்க வேண்டியவர் நர்ஸ்தான். அதற்காக அங்கே ஒரு மதிப்பெண் முறை வைத்திருக்கிறார்கள். மூச்சு, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவு, காய்ச்சல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்கும் 2 சேரும். மொத்தம் 5 வந்தால் டாக்டரை உடனே அழைக்க வேண்டும். 7 என்றால் அது அவசர நிலை.

பிரிட்டன் மருத்துவர்களின் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்த இந்த முறையை 2017-ல் திருத்தினார்கள். அப்போது சேர்ந்த ஒரு வரிதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது. நோயாளிக்குப் புதிதாகக் குழப்பம் தென்பட்டால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். ரத்தத்தில் கிருமி பரவுவதற்கான முதல் அறிகுறியாக, காய்ச்சலுக்கும் முன்னால், இந்தக் குழப்பம் வரக்கூடும். மூச்சை எண்ணிவிடலாம். பிரஷரைக் கருவி சொல்லிவிடும். குழப்பத்தை அப்படி அளக்க முடியாது. எண்பது வயதுப் பெரியவர் நடுநிசியில் எழுந்து உட்கார்ந்து மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அது பழைய மறதி நோயா, நேற்றுவரை இல்லாத தடுமாற்றமா? அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிற ஒருவர் அதைப் பிரித்தறிய வேண்டும். அதுவும் யார்க்‌ஷயர் பேச்சிலோ கிளாஸ்கோ பேச்சிலோ, பல்செட்டைக் கழற்றி வைத்த வாயிலிருந்து வரும் முணுமுணுப்பைக் கேட்டு.

ஆங்கிலத் தேர்வில் தேறித்தான் நம்மவர்கள் அங்கே போகிறார்கள். பத்து நிலையங்கள் கொண்ட செய்முறைத் தேர்வையும் அங்கே முடித்திருப்பார்கள். ஆனால் இந்தக் காதுப்பழக்கத்தை எந்தத் தேர்வும் தராது. அது வார்டில், பெரும்பாலும் இரவில்தான் வாய்க்கிறது. மாலை ஹேண்ட் ஓவரில் பகல் நர்ஸ் போகிறபோக்கில் சொன்ன ஒரு தகவல், தேநீர் கொடுத்தபோது அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி, இரண்டையும் மனத்தில் வைத்திருந்து மூன்று மணிக்கு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்ததும், அரைத்தூக்கத்தில் இருக்கும் டாக்டரை அந்நிய மொழியில் தயங்காமல் அழைத்து, வாருங்கள் என்று சொல்ல வேண்டும். இதை நான் பெரிய வீரம் என்றே மதிக்கிறேன்.

2020 ஏப்ரலில் கொரோனா தாக்கி லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார் அன்றைய பிரதமர் போரிஸ் ஜான்சன். வீடு திரும்பிய நாளில் இரண்டு நர்ஸ்களைப் பெயர் சொல்லி நன்றி கூறினார். நியூசிலாந்திலிருந்து வந்த ஜென்னி, போர்ச்சுகலிலிருந்து வந்த லூயிஸ். இரவின் ஒவ்வொரு நொடியும் அவர்கள் கவனித்துக்கொண்டிருந்ததால்தான் தன் உடம்புக்குப் போதிய ஆக்சிஜன் கிடைத்தது என்றார். அடுத்த ஆண்டு மே மாதம் ஜென்னி மெக்கீ வேலையை விட்டார். உரிய மரியாதையும் ஊதியமும் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்ன காரணம். செவிலியருக்கு 1 சதவீத ஊதிய உயர்வு போதும் என்று அரசு பரிந்துரைத்திருந்த நேரம் அது.

அங்கே அரசு மருத்துவமனைகளில் சாதாரண நாள் இரவு வேலைக்கு அடிப்படைச் சம்பளத்தோடு 30 சதவீதம், ஞாயிற்றுக்கிழமைக்கு 60 சதவீதம் சேர்த்துத் தருகிறார்கள். ஊரில் கடன் வைத்துவிட்டுப் போனவர் இரவு ஷிஃப்டைத் தானே கேட்டு வாங்குவது இதனால்தான். அதை அவரது விருப்பம் என்று எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. இரவுப்பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடியதாக இருக்க வாய்ப்புள்ளது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் வகைப்படுத்தியது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதே முடிவுக்குத்தான் வந்தது. டிசம்பரில் லண்டனில் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம் என்றிருப்பவர் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். வைட்டமின் டி மாத்திரை அவர்களுக்கு உணவோடு உணவாகிவிடுகிறது.

குளிர்காலத்தில் அங்கே இரவு 2 மணி என்றால் இங்கே காலை ஏழரை. பிரேக் கிடைக்கும் அந்த நேரத்தில்தான், குழந்தையை ஊரில் விட்டுப்போன தாய் வீடியோ காலில் வருகிறாள். பாட்டி பின்னலைப் போட, குழந்தை இட்லியை மென்றபடி திரையைப் பார்க்கிறது. ஹோம்வொர்க் எழுதினாயா என்ற கேள்விக்குப் பதில் வருவதற்குள் வார்டில் பெல் அடித்துவிடும்.

நாமோ சாயங்காலம் காபி குடித்துவிட்டு, ஆற அமர நான்கு மணிக்கு அவளைக் கூப்பிடுகிறோம். அங்கே அப்போது காலை பத்தரை. டியூட்டி முடிந்து, பஸ் பிடித்து, குளித்து, கனத்த திரைகளை இழுத்துவிட்டு அவள் படுத்திருப்பாள். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. எடுக்காவிட்டால், வெளிநாடு போனதும் மாறிவிட்டாள் என்கிறோம். இந்த வாரம் அவளிடம் டியூட்டி சார்ட்டைக் கேட்டு வாங்கி, வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.