பட்டப்பகலில் பறக்கும் அந்துகள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து எல்லைக் கிராமங்களில் குடியேறியிருக்கும் நம் சங்கக் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்கிறார்கள். எதைக் காட்டிக் கேட்டாலும் இரண்டு மொழியிலும் பெயர் சொல்வார்கள். ஆனால் ஒரு பூச்சி விஷயத்தில் மட்டும் இரண்டு மொழிகளுமே அவர்களைக் கைவிட்டு விடுகின்றன. மலையாளத்தில் அதை 'நிஷாசலபம்' என்கிறோம், அதாவது இரவுப்பூச்சி. தமிழில் 'அந்துப்பூச்சி', அந்து என்றதும் குதிருக்குள் நெல்லை அரிக்கும் சாம்பல் நிறப் பூச்சிதான் நம் மனக்கண்ணில் வருகிறது. பளபளக்கும் நீலச் சிறகுடன் வெயிலில் பறந்து வருவதும் அந்துதான் என்றால் யார் நம்புவார்கள்?

உலகில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் சுமார் 18,000. அந்துகளோ 1,60,000-க்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. எனினும் பகலில் பறப்பவையும் கணிசமாக உண்டு. ரப்பர் தோட்டத்து ஓரத்திலும், மரச்சீனி விளைகளின் வரப்பிலும் இவற்றைப் பார்க்கலாம்.

இனம் பிரித்து அறிவது எப்படி? நிறத்தை நம்பக் கூடாது. முதலில் தலையிலுள்ள உணர்கொம்புகளைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்குத் தீக்குச்சி போல நுனியில் ஒரு குமிழ் இருக்கும். அந்துக்கு நூல் போலக் கூர்ந்தோ, சீப்பு போலப் பல் பல்லாகவோ இருக்கும். அடுத்து, உட்காரும் விதம். வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் சிறகுகளை முதுகுக்கு மேல் கைகூப்புவது போல மூடும். அந்து தட்டையாக விரித்தோ, ஓட்டுக்கூரை போலச் சரித்தோ வைக்கும்.

மூன்றாவது அடையாளம் ரயில்வேயில் வேலை பார்த்த எனக்கு மிகவும் பிடித்தது. பெரும்பாலான அந்துகளில் பின்சிறகின் அடியிலிருந்து புறப்படும் ஒரு முள், முன்சிறகின் அடியிலுள்ள கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. இரண்டு பெட்டிகளைக் கப்ளிங் போட்டு இணைத்தது போல இரு சிறகுகளும் ஒன்றாக அசையும். ஆணுக்கு ஒற்றை முள், பெண்ணுக்குப் பல முட்கள். செத்து விழுந்த அந்து கிடைத்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். விதிவிலக்குகள் உண்டு, ஆகவே ஒரே அடையாளத்தைக் கொண்டு முடிவு கட்ட வேண்டாம்.

இனி நம் பகுதியில் காணக்கூடிய சில அந்துகள்.

முதலாவது 'வெங்கணநீலி'. ஆழ்ந்த நீலச் சிறகில் வெளிர்நீலத் திட்டுகள் கொண்டது. நீலப்புலி என்ற வண்ணத்துப்பூச்சியோ என்று பலரும் மயங்குவார்கள். இதன் புழு வளர்வது வெங்கண மரத்தின் இலையில். மலையாளப் பெயரிலேயே மரமும் நிறமும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, வெளிர் சிறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளி வைத்த சிறு அந்து. கிலுகிலுப்பைச் செடி இருக்கும் இடத்தில் தேடுங்கள். மூன்றாவது குளவி அந்து. கறுத்த சிறகில் கண்ணாடி ஜன்னல்கள், உடம்பில் மஞ்சள் பட்டைகள். குளவி என்று எண்ணி நாம் விலகுவோம், ஆனால் இதற்குக் கொடுக்கே கிடையாது. நான்காவது, கண்ணாடி போன்ற சிறகுள்ள பருந்து அந்து. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். கூட்டை விட்டு வரும்போது சிறகில் செதில்கள் இருக்கும். முதல் பறப்பிலேயே உதிர்ந்து விடும். இதன் புழு காப்பி, கந்தராஜன் செடிகளின் இலையைத் தின்னும்.

பறவைகள் விழித்திருக்கும் பகலில் இத்தனை பகட்டாகப் பறக்க இவற்றுக்கு எப்படித் துணிவு வந்தது? கிலுகிலுப்பையில் ஒருவகை நஞ்சு உண்டு. புழு அதைத் தின்று உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. வளர்ந்த அந்துவிலும் அது தங்குகிறது. சிவப்புப் புள்ளிகள் 'என்னைத் தின்னாதே' என்ற சிக்னல். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து அறிஞர் தாமஸ் ஐஸ்னர் இதன் நெருங்கிய உறவான ஓர் அந்துவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வலையில் சிக்கிய அந்துவைச் சிலந்தியே இழைகளை அறுத்து விடுவித்து விடுவதை அவர் கண்டார். குளவி அந்துவோ குளவியின் வேடத்தைப் போட்டுத் தப்பிக்கிறது.

ஆக, ஒவ்வோர் அந்துவின் பின்னாலும் ஒரு செடி நிற்கிறது. நாம் கவலைப்பட வேண்டியது இங்கேதான். வண்ணச் சிறகைக் கண்டு கைதட்டும் நாமே, அதன் புழுவைக் கண்டால் மிதித்து விடுகிறோம். வரப்பிலுள்ள கிலுகிலுப்பையைக் களை என்று மருந்தடித்துக் கருக்குகிறோம். ஓடைக்கரையில் நிற்கும் வெங்கணையை, காய்ப்பதற்கு உதவாத மரம் என்று வெட்டுகிறோம். வெங்கண மரம் போன பின் வெங்கணநீலி என்ற பெயருக்கு என்ன பொருள்? வேலியோரத்தில் ஒரு கிலுகிலுப்பையையும், ஓடையோரத்தில் ஒரு வெங்கணையையும் விட்டு வைப்பதால் நம் விளைச்சல் குறைந்துவிடாது.

இந்திய அந்துகளைப் பற்றி 1892 முதல் 1896 வரை நான்கு பெரும் தொகுதிகள் எழுதிய ஜார்ஜ் ஹாம்ப்ஸன், நீலகிரிக்குத் தேயிலைத் தோட்ட வேலையாக வந்தவர். அங்கேதான் அவருக்கு இந்தப் பித்து பிடித்தது. 2012-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்து வாரம் இப்போது ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் பல நாடுகளில் நடக்கிறது. பட்டம் பெற்றவர்தான் கலந்துகொள்ள வேண்டும் என்பதில்லை.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் காலையில் பிள்ளைகளை வரப்போரம் அழைத்துப் போங்கள். பிடிக்க வேண்டாம், பார்த்தால் போதும். புழுவைத் தொடவும் வேண்டாம். சில புழுக்களின் மயிர் பட்டால் அரிக்கும். நோட்டில் மூன்று விஷயங்களை எழுதச் சொல்லுங்கள்: கொம்பின் வடிவம், உட்கார்ந்த விதம், பக்கத்தில் நின்ற செடி. செடியின் பெயரைத் தமிழில் தாத்தாவிடமும், மலையாளத்தில் அடுத்த வீட்டு அம்மச்சியிடமும் கேட்டு எழுதட்டும். இரண்டு மொழி தெரிந்த எல்லைப் பிள்ளைகளைத் தவிர இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள் வேறு யார்?