பெரும்பாறையில் அடுப்பு மூட்டும் முன்

2023 ஆகஸ்ட் 26. பொழுது விடியும் நேரம். மதுரை ரயில் நிலையத்தில் தனியே கழற்றி நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து எரிந்தது. லக்னோவிலிருந்து புறப்பட்டு, தென்னாட்டுக் கோயில்களைத் தரிசித்துவிட்டு ராமேஸ்வரம் போகவிருந்த யாத்ரீகர்கள் அதில் இருந்தார்கள். விதியை மீறி ஏற்றிவந்த எரிவாயு சிலிண்டர்தான் காரணம் என்று ரயில்வே அறிவித்தது. விடிந்ததும் ஒரு வாய் தேநீர் குடிக்க வேண்டும் என்ற ஆசையில் 9 உயிர்கள் போயின.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில், கொடைக்கானலை அடுத்த சின்னப்பள்ளத்தில், விடுதி அறையில் தங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. இரவில் கோழி வாட்டிய கரி அடுப்பு அறைக்குள் இருந்தது. தீப்பிடிக்கவில்லை, எதுவும் வெடிக்கவில்லை. புகைதான் கொன்றது.

இந்த இரண்டு சம்பவங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு பெரும்பாறைக்கு வருவோம்.

அய்யம்பாளையம், சித்தரேவு பக்கமிருந்து ஏறினால், கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது பெரும்பாறை. மிளகுக் கொடி, மலைவாழை, ஆரஞ்சு என்று பச்சை கட்டிய ஊர். இங்கிருந்து தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாகக் கொடைக்கானலுக்கும் போகலாம். வார இறுதி வந்துவிட்டால் சாலையோர வளைவுகளில் கார்கள் நிற்கின்றன. டிக்கியைத் திறந்தால் சப்பையான கையடக்க அடுப்பு, கொசுமருந்து டப்பா மாதிரி ஒரு பியூட்டேன் கேன், நூடுல்ஸ் பாக்கெட். கூடவே, ‘புதுசா வாங்கினது, எப்படி எரியுதுன்னு பார்ப்போம்’ என்ற ஆர்வம்.

ஆர்வத்தில் குற்றமில்லை. ஆனால் புது அடுப்பைச் சோதித்துப் பார்க்க மலை சரியான இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதும், எரிகிற தீயை அப்படியே விட்டுப்போவதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வனவிலங்குச் சரணாலயம் என்றால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதன் 30-ஆம் பிரிவு, சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதைத் தடை செய்கிறது. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013-ல் அறிவிக்கப்பட்டது.

காட்டுக்கு வெளியே மூட்டினாலும் சட்டம் விடாது. மனித உயிருக்கு ஆபத்து வரும்படி தீயை அசட்டையாகக் கையாண்டால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆம் பிரிவுப்படி 6 மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த அசட்டையால் உயிர் போனால் 106-ஆம் பிரிவு வரும். அதில் சிறைத் தண்டனை 5 ஆண்டு வரை போகும்.

பெரும்பாறை போன்ற ஊரில் எது காப்புக்காடு, எது பட்டா நிலம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. காப்பித் தோட்டம் முடிகிற இடத்திலேயே காடு தொடங்கிவிடும். ‘எங்களுக்குத் தெரியாது’ என்ற பதில் வனத்துறையிடம் எடுபடாது. தோட்டமாக இருந்தாலும் அது ஒருவருடைய பிழைப்பு. உரிமையாளரைக் கேட்காமல் அங்கே அடுப்பு வைக்க நமக்கு உரிமையில்லை.

ரயிலில் கொடைரோடு வந்து இறங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. எரிவாயு கேன், ஸ்டவ், மண்ணெண்ணெய் எதையும் பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. ரயில்வே சட்டத்தின் 164-ஆம் பிரிவில் இதற்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

மலையில் தீ எப்படி நடந்துகொள்ளும்?

சமவெளியில் தீ பரவும். மலையில் தீ ஏறும். சரிவில் தீப்பிடித்தால் அனல் மேலே போகும். மேலே உள்ள புல், தீ தொடுவதற்கு முன்பே காய்ந்து தயாராக இருக்கும். காற்று பின்னாலிருந்து தள்ளினால் மனிதக் கால்களால் அதை முந்த முடியாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது இதுதான். மலையேறப் போன குழுவினர் காய்ந்த புல் சரிவில் சிக்கிக்கொண்டார்கள். 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்குத் தமிழ்நாடு அரசு தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டமும் தீக்காலத்தில் பாதைகளை மூடிவைக்கிறது.

பனி விலகி வெயில் ஏறும் பிப்ரவரி முதல் கோடை மழை விழும் வரை பழனி மலையில் எச்சரிக்கைக் காலம். அந்த நாளில் அணைக்காத கங்கு ஒன்று போதும். காடு எரிந்தால் நஷ்டம் காட்டெருமைக்கும் யானைக்கும் மட்டுமில்லை. தேனும் கிழங்கும் எடுத்து வாழ்கிற பளியர் குடும்பங்களுக்கும், நிழல்மரத்தை நம்பியிருக்கிற காப்பி விவசாயிக்கும் அது பல வருஷத்து இழப்பு.

கையடக்க அடுப்பு: எங்கே தவறுகிறோம்?

கேனின் கழுத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அடுப்பில் அதற்கு நேரான ஒரு துருத்தல் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி பொருந்தினால்தான் நெம்புகோலை அழுத்த வேண்டும். கோணலாக மாட்டினால் மெல்லிய ‘ஸ்ஸ்’ சத்தம் வரும். அது வாயுக் கசிவு. பியூட்டேன் காற்றைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம். அது மேலே போய்க் கலைந்துவிடாது. தரையோடு ஓடிப் பள்ளத்தில், கூடாரத்தின் மூலையில், கார் டிக்கியில் தேங்கி நிற்கும். அடுத்து உரசுகிற தீக்குச்சிக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது தவறு, பெரிய சட்டி. பிரியாணிச் சட்டியையோ அகலமான தோசைக்கல்லையோ ஏற்றினால் அது கேன் இருக்கும் அறையையும் சேர்த்து மூடிக்கொள்ளும். திரும்பி அடிக்கிற சூட்டில் கேன் கொதித்து அழுத்தம் ஏறும். நல்ல அடுப்பில் அழுத்தம் மிஞ்சினால் கேனைத் தானாக விடுவிக்கும் அமைப்பு உண்டு. மலிவு அடுப்பில் அது இருக்குமென்று நம்ப முடியாது. காற்றுக்கு மறைப்பாக அடுப்பைச் சுற்றித் தகரம் கட்டுவதும், இரண்டு அடுப்பை ஒட்டிவைப்பதும் இதே ஆபத்தைத்தான் கொண்டுவரும்.

மூன்றாவது, குளிர். மார்கழி இரவில் பியூட்டேன் சரியாக ஆவியாகாது, தீ மங்கும். கேனைச் சுடுதண்ணீரில் வைப்பது, தீயில் காட்டுவது இரண்டும் வெடிப்பில் முடியலாம். காலிக் கேனை நெருப்பில் எறிவதும் அப்படித்தான். வெயிலில் நிறுத்திய காருக்குள் கேனை விட்டுப்போகக் கூடாது.

நான்காவது தவறுக்குச் சத்தமே கிடையாது. கூடாரத்துக்குள், மூடிய அறைக்குள், குளிருக்கு அணைப்பாக அடுப்பையோ கரித்தட்டையோ வைத்துக்கொள்வது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசமில்லை. முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்துதான் பலர் எழுவதில்லை. கரியில் தீ தெரியாவிட்டாலும் கங்கு சூடாக இருக்கும் வரை வாயு வந்துகொண்டே இருக்கும்.

சூரிய அடுப்பு: நல்ல மாற்று, ஆனாலும் கவனம்

சூரியனை ஆராய்வதற்கென்றே 1899-ல் ஆய்வுக்கூடம் நிறுவிய மலைத்தொடர் இது. வானம் தெளிந்த மாதங்களில் காலை வெயில் சமையலுக்கு நன்றாகவே உதவும். பிற்பகலில் மேகம் கூடிவிடும் என்பதால் 9 மணிக்கே வைத்துவிட வேண்டும். கண்ணாடி மூடி போட்ட பெட்டி வகை அடுப்பு 100 டிகிரிக்கு மேல் சூடேறும். கறுப்புப் பாத்திரத்தில் அரிசியோ பருப்போ வைத்தால் நல்ல வெயிலில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் வெந்துவிடும். புகையில்லை, பொறியில்லை. ஆரோவில்லின் பொது உணவுக்கூடத்தில் கூரைமேல் பெரிய சூரியக் கிண்ணமே வைத்து நீராவி எடுத்துச் சமைத்திருக்கிறார்கள்.

குடை போல் விரியும் குழிக்கண்ணாடி வகையில்தான் ஆபத்து. அதன் குவிமையத்தில் காகிதமும் துணியும் நொடியில் பற்றும். பாத்திரமில்லாமல் வெயிலைப் பார்த்துத் திறந்துவைத்துவிட்டுப் போனால், பக்கத்துக் காய்ந்த புல்லில் தீப்பிடிக்க அதுவே போதும். வேலை முடிந்ததும் துணி போட்டு மூடி, நிழலைப் பார்த்துத் திருப்பிவையுங்கள். பளபளக்கும் பரப்பை வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம். பிள்ளைகளை அருகே விட வேண்டாம். நடுவில் மேகம் மறைத்து அரைவேக்காட்டில் நின்ற சோற்றை மணிக்கணக்கில் அப்படியே வைத்திருந்து சாப்பிடவும் வேண்டாம். இளஞ்சூட்டில்தான் கிருமி பெருகும்.

சோதனையை எங்கே செய்வது?

உங்கள் வீட்டு மொட்டைமாடியில், அல்லது சிமெண்டுத் தரை போட்ட முற்றத்தில். ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள்.

1. சோப்பு நுரையை இணைப்பில் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. அந்த அடுப்பைப் பற்றவைக்காதீர்கள்.

2. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் தண்ணீரின் கொதிநிலை சுமார் 1 டிகிரி குறையும். மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதித்தாலும் அரிசி வேக நேரமாகும். எரிவாயுவும் கூடுதலாகச் செலவாகும்.

3. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு ஈரச்சாக்கு வைத்திருங்கள். சேலை முந்தானை, துப்பட்டா, நைலான் உடை அடுப்பருகே வேண்டாம்.

4. மலையில் சமைத்தே ஆக வேண்டுமென்றால், தங்கும் விடுதியின் அனுமதிக்கப்பட்ட இடத்தில், திறந்தவெளியில் மட்டும் சமையுங்கள். பெரும்பாறையிலும் தாண்டிக்குடியிலும் சூடான காப்பியும் இட்லியும் கடையில் கிடைக்கும். ஒரு பிளாஸ்க் வெந்நீர் பல பிரச்சினைகளைத் தீர்த்துவிடும்.

விபத்து நேர்ந்தால்

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஊற்றுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108-ஐ அழையுங்கள். புகையில் மயங்கியவரைக் கண்டால் முதலில் கதவு சன்னலைத் திறந்து, அவரைக் காற்றோட்டத்துக்குத் தூக்கி வாருங்கள். காட்டில் புகை கண்டால் 101 அல்லது 112. வீட்டு எரிவாயுக் கசிவுக்கு 1906.

உங்கள் உரிமைகள்

வாங்கும்போது பில் கேளுங்கள். கேனிலும் அடுப்பிலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எச்சரிக்கைக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் சரிபார்க்கலாம். பெட்டி வகைச் சூரிய அடுப்புக்கு ஐ.எஸ். 13429 என்ற தர வரையறை இருக்கிறது.

குறைபாடுள்ள அடுப்பால் காயமோ நஷ்டமோ ஏற்பட்டால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 6-ஆம் அத்தியாயப்படி, தயாரித்தவர் மட்டுமன்றி, சூழ்நிலையைப் பொறுத்து விற்றவரும் இழப்பீடு தரப் பொறுப்பாவார். எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. முதல்படி ஆலோசனைக்கு 1915, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

விடுதியில் பணம் கொடுத்துத் தங்குகிறவரும் நுகர்வோர்தான். எச்சரிக்கை சொல்லாமல் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுபோக விட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு என்று வாதாட இடமிருக்கிறது. வழக்கு நிற்க ஆதாரம் வேண்டும். அடுப்பு, கேன், பில் எதையும் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டின் நகலையும், காவல் நிலையத்தில் புகாருக்கான ரசீதையும் வாங்குங்கள். எந்தக் காவல் நிலையத்தில் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். எல்லை காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது.

அரசு எண்ணெய் நிறுவனங்களின் எரிவாயு இணைப்பால் விபத்து நேர்ந்தால், தனியே பிரீமியம் கட்டாமலேயே காப்பீடு உண்டு. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் ரூபாய் வரை. உங்கள் ஏஜென்சிக்கு உடனே எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். சந்தையில் கள்ளத்தனமாக நிரப்பித் தரும் குட்டி சிலிண்டருக்கு இந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு நிரப்புவதே சட்டவிரோதம்.

மலைவாசிகளுக்கும் உரிமை இருக்கிறது. ஆண்டுக்கு 6 முறை கிராமசபை கூடுகிறது. வளைவுகளில் எச்சரிக்கைப் பலகை, வண்டி நிறுத்தப் பாதுகாப்பான இடம், தீக்காலத்தில் கண்காணிப்பு வேண்டுமென்று தீர்மானம் போட்டு மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். எரிந்தால் முதலில் ஓடிப்போய் அணைக்கிறவர்கள் நீங்கள்தான். கேட்கும் உரிமையும் முதலில் உங்களுக்குத்தான்.

பெரும்பாறைக்கு வாருங்கள். காப்பி பூக்கும் வாசனையை அனுபவியுங்கள். பையில் அடுப்பு இருந்தால் அது பையிலேயே இருக்கட்டும்.