டிசம்பரில் வேண்டாம், ஜூனில் போகலாம்: மோட்டார்ஹோமில் செம்மண் பாலைக்கு ஒரு பயணத் திட்டம்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியாவின் நடுப் பாலைவனத்துக்குக் குடும்பத்தோடு மோட்டார்ஹோமில் போகலாம் என்று திட்டம் போட்டிருந்தால், முதலில் மாதத்தை மாற்றுங்கள். 2026 முதல் மலேசியாவில் நம் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால் நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. உலுரு பாறை நிற்கும் வட்டாரத்தில் அதுதான் கடும் கோடை. பகல் வெப்பம் சராசரியாகவே 36, 37 டிகிரி. 40ஐத் தாண்டும் நாள்களும் சாதாரணம். மே மாத இறுதியும் ஜூன் தொடக்கமும் சேர்ந்து வரும் ஆண்டு நடுப்பகுதி விடுமுறைதான் நமக்கு வாய்ப்பான காலம். அப்போது பகலில் இருபது டிகிரியை ஒட்டிய இதமான வெயில். இரவிலோ ஐந்து டிகிரிக்கும் கீழே இறங்கும், சில நாள் உறைபனியும் விழும். பாலைவனம்தானே என்று மெல்லிய சட்டையோடு போய் இறங்கும் குடும்பங்கள் முதல் இரவே நடுங்கிப் போகின்றன.

வெப்பத்தைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உண்டு. கெடாவில் உள்ள நம் பண்டார் பாருவில் 33 டிகிரி வெயிலில் கொஞ்ச தூரம் நடந்தாலே சட்டை நனைந்துவிடும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. அந்தக் கசகசப்பே நம்மை நிழலுக்கு விரட்டித் தண்ணீர் குடிக்க வைக்கிறது. பாலைவனத்தில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. வியர்வை தோலில் தங்குமுன்பே ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும். உடம்பு தண்ணீரை இழந்துகொண்டிருப்பது தலைவலி வரும்வரை தெரியாது. வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்று பூங்கா நிர்வாகம் சொல்வது இதனால்தான். தாகம் எடுத்தால் குடிப்போம் என்று இருக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக் குடிக்க வேண்டும். ஆயுள் முழுக்க ஈரக் காற்றில் தோட்ட வேலை செய்து பழகிய நம் பெரியவர்களுக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லிவிடுவது நல்லது. வெயில் நமக்குப் புதிதா என்று கேட்கக்கூடியவர்கள் அவர்கள்தான்.

பாலைவனத் தேசியப் பூங்கா, மோட்டார்ஹோம் என்றதும் பலருக்கு அமெரிக்காதான் நினைவுக்கு வரும். அங்கும் போகலாம், ஆனால் நமக்குக் கூடுதல் சிரமம். வலப்பக்கச் சாலை, நீண்ட விமானப் பயணம், விசா நேர்காணல். 2026 ஜனவரி முதல் கட்டணமும் ஏறியிருக்கிறது. அந்நாட்டில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு அட்டை 250 டாலர். அது இல்லாவிட்டால் கிராண்ட் கேன்யன், சயான் உட்பட 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். சயானில் 1930இல் திறந்த மலைச் சுரங்கப்பாதை அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. பெரிய மோட்டார்ஹோம் அதற்குள் தன் தடத்திலேயே அடங்காது. அமெரிக்காவில் பிள்ளைகளோ உறவினரோ இருந்து, அவர்களே வண்டி ஓட்டுவதானால் போகலாம்.

நமக்குக் கைக்கு எட்டுவது ஆஸ்திரேலியாதான். சாலையில் இடப்பக்கம், ஸ்டீயரிங் வலப்பக்கம், எல்லாம் இங்கே இருப்பதைப் போலவே. கோலாலம்பூரிலிருந்து பெர்த், அடிலேட், மெல்பர்ன், சிட்னிக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போய் வண்டியை எடுக்கலாம். மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் ஆஸ்திரேலிய அரசின் இடிஏ செயலியில் 20 ஆஸ்திரேலிய டாலர் சேவைக் கட்டணம் கட்டி நுழைவு அனுமதி பெறலாம். நம் உரிமத்தோடு, சாலைப் போக்குவரத்து இலாகா வழங்கும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்குக் கிடைக்கும் மோட்டார்ஹோம்கள் பெரும்பாலும் நான்கரை டன்னுக்குள் அடங்குபவை. அங்கே அவற்றைக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம்.

இனி பாதை. பண்டார் பாருவில் கிரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், அது பேராக். இந்தப் பக்கம் திரும்பினால் நிபோங் திபால், அது பினாங்கு. அரை மணி நேரத்தில் மூன்று மாநிலம் பார்த்துவிடும் ஊர் நம்முடையது. வழியெல்லாம் எண்ணெய் நிலையம், ஒட்டுக்கடை, செம்பனை நிழல். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அங்கே பயணம் வகுத்தால் முதல் நாளே தவறும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து உலுருவுக்குப் பக்கத்து ஊரான யுலாராவுக்கு சுமார் 450 கிலோமீட்டர். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் தெற்கே 200 கிலோமீட்டர் போனால் எர்ல்டன்டா. அங்கே மேற்கே திரும்பி லாசிட்டர் நெடுஞ்சாலையில் இன்னும் 250. நடுவில் எண்ணெய் கிடைக்கும் இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தொட்டி பாதியானாலே நிரப்புவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் தட்டையான உச்சியோடு ஒரு பெரிய மலை தெரியும். அதைப் பார்த்து உலுரு வந்துவிட்டது என்று வண்டியை நிறுத்துபவர்கள் ஏராளம். அது கானர் மலை.

யுலாராவிலிருந்து வட்டார்க்கா தேசியப் பூங்காவில் உள்ள கிங்ஸ் கேன்யனுக்கு 300 கிலோமீட்டர். அங்கிருந்து வந்த வழியை ஒட்டியே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் திரும்ப சுமார் 470. பூங்காக்களுக்குள் அலைவதையும் சேர்த்தால் மொத்தம் 1,400 கிலோமீட்டர். பெரிய மோட்டார்ஹோம் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 15 லிட்டர் டீசல் குடிக்கும் என்று வைத்தால், 210 லிட்டர் வேண்டும். உட்பகுதியில் லிட்டர் 2 டாலருக்கு மேலேயே விற்கும். நான் சொன்ன பாதை முழுக்கத் தார்ச்சாலை. வரைபடத்தில் கிங்ஸ் கேன்யனிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மெரீனி வழியாக ஒரு குறுக்குப் பாதை தெரியும். அது செம்மண் சாலை. நான்கு சக்கர இயக்கம் இல்லாத வாடகை வண்டியை அதில் இறக்கினால் காப்புறுதி செல்லாமல் போகும்.

காப்புறுதி ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். பல நிறுவனங்கள் ஊருக்கு வெளியே சூரியன் மறைந்த பிறகு ஓட்டுவதைத் தடுக்கின்றன. கூரையிலும் வண்டியின் அடியிலும் ஏற்படும் சேதத்துக்குப் பல ஒப்பந்தங்களில் காப்பு இல்லை. இரவுத் தடை வெறும் சம்பிரதாயமன்று. மேய்ச்சல் நிலத்துக்கு வேலி கிடையாது. அந்தி சாய்ந்ததும் கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் சாலைக்கு வரும். நான்கரை டன் வண்டி நினைத்த இடத்தில் நிற்காது. பகலில் எதிர்ப்படுபவை சாலைத் தொடர்வண்டிகள்: மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு 53 மீட்டர் நீளம்வரை வரும் லோரிகள். அவற்றை முந்த நினைத்தால் முன்னால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் சாலை காலியாகத் தெரிய வேண்டும். முந்தாமல் பின்னால் போனாலும் குடியொன்றும் முழுகிவிடாது. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் 130 கிலோமீட்டர் வேகம்வரை போகலாம். மோட்டார்ஹோமுக்கு 100 போதும்.

அந்த ஒட்டகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் ஒட்டகம் இயற்கையாக இல்லை. 1860இல் பர்க், வில்ஸ் இருவரின் ஆய்வுப் பயணத்துக்காகக் கராச்சியிலிருந்து கப்பலில் ஒட்டகங்களைக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆப்கானிஸ்தானிலிருந்தும் பிரிட்டிஷ் இந்தியாவின் வடமேற்கிலிருந்தும் ஒட்டகக்காரர்கள் வந்து, பல பத்தாண்டுகள் அந்தப் பாலையில் சரக்கைச் சுமந்து சேர்த்தார்கள். 1873இல் நில அளவையாளர் வில்லியம் காஸ் உலுருவில் ஏறியபோது கூடவே ஏறியவர் கம்ரான் என்ற ஒட்டகக்காரர். கிரியானிலும் செபராங் பிறையிலும் கரும்புத் தோட்டங்களுக்காக நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே நூற்றாண்டு அது. அந்தச் சாலையில் போகும்போது பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

வண்டியைத் தேர்வு செய்யும்போது படுக்கையை மட்டும் எண்ணாதீர்கள், இருக்கை வார்களையும் எண்ணுங்கள். ஓடும் வண்டியில் தாத்தா பாட்டி பின்கட்டிலில் படுத்துக்கொண்டு வர முடியாது. எல்லாரும் வார் கட்டி உட்கார வேண்டும். ஏழு வயதுக்குக் கீழான குழந்தைகளுக்கு ஆஸ்திரேலியத் தரத்துக்கு உட்பட்ட இருக்கை வேண்டும், அதை வண்டியோடு சேர்த்தே வாடகைக்குக் கேளுங்கள். மேல்கட்டில் ஏணி ஏறிப் போகும் இடம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது.

அதைவிட முக்கியம் தண்ணீர்த் தொட்டி. நூறு லிட்டர் என்று கேட்கும்போது நிறையத்தான் தோன்றும். ஆறு பேர் குளித்து, பாத்திரம் கழுவினால் ஒரு நாளுக்குக்கூட வராது. எனவே குளியலை முகாம் திடலின் குளியலறையிலேயே முடித்துக்கொண்டு, வண்டித் தண்ணீரைச் சமையலுக்கும் கைகழுவவும் ஒதுக்குங்கள். குடிதண்ணீரைத் தனிப் புட்டிகளில் வைத்திருங்கள். கழிப்பறைக்குக் கீழே இருபது லிட்டர் அளவில் ஒரு பெட்டி இருக்கும். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள், அதனால் அது மற்றவர்களுக்கு நிரம்புவதைவிட வேகமாக நிரம்பும். தினமும் முகாம் திடலில் அதற்கென உள்ள இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். இந்த வேலை யாருடையது என்பதை விமானம் ஏறுமுன்பே பேசி முடித்துவிடுங்கள். குளிர்சாதனமும் நுண்ணலை அடுப்பும் பெரும்பாலான வண்டிகளில் மின்சார வசதியுள்ள தளத்தில் செருகினால்தான் ஓடும். அங்கே ரைஸ் குக்கரும் வேலை செய்யும், ஆனால் நம் சதுர முள் செருகி பொருந்தாது. மாற்றுச் செருகி வேண்டும். வெட்டவெளியில் நிறுத்தினால் எரிவாயு அடுப்புதான்.

சமையல் சாமான் விஷயத்தில் ஆஸ்திரேலிய விமான நிலையம் கண்டிப்பானது. பச்சைக் கறிவேப்பிலை, பழம், முட்டை, இறைச்சி எதுவும் கொண்டுபோக வேண்டாம். மசாலாத் தூள், ஊறுகாய், நெத்திலி என்று பெட்டியில் எது இருந்தாலும் வருகைப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். குறிப்பிட்ட பொருளை அவர்கள் பார்த்துவிட்டுத் திருப்பித் தரலாம், எடுத்துப் போடவும் செய்யலாம். மறைத்தால்தான் அபராதம். அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பேரங்காடிகளில் கிடைக்கும். யுலாராவிலும் ஒரு கடை உண்டு, விலை கூடுதல்.

உலுரு–கட்டா ஜூட்டா பூங்காவுக்குள் இரவு தங்க முடியாது. யுலாராவின் முகாம் திடல்தான் ஒரே இடம். ஜூன், ஜூலையில் அது நிரம்பிவிடுவதால் வண்டிக்கு முன்பே தளத்தைப் பதிவு செய்வது நல்லது. பூங்கா நுழைவுச்சீட்டு பெரியவர்களுக்கு மூன்று நாளுக்கு 38 ஆஸ்திரேலிய டாலர், 18 வயதுக்குக் கீழே இலவசம். அந்த நிலம் அனங்கு மக்களுடையது. 1985 அக்டோபர் 26இல் அரசு அதை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. அவர்கள் அதைப் பூங்காவுக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். பாறை மீது ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை. அவர்களுக்கு அது புனித இடம். நம்மில் யாரும் கோயில் கோபுரத்தின் மீது ஏறி நின்று படம் எடுக்க மாட்டோம், ஆகவே இதை நமக்கு விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அடிவாரத்தில் சில பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும், அதையும் மதிக்க வேண்டும். பாறையைச் சுற்றி முழுதாக நடக்கப் பத்தரை கிலோமீட்டர். பெரியவர்களுக்கு முட்டிஜூலு நீர்நிலைக்குப் போகும் ஒரு கிலோமீட்டர் பாதை போதும், சக்கர நாற்காலியும் போகும். கிங்ஸ் கேன்யன் விளிம்பு நடை ஆறு கிலோமீட்டர், தொடக்கத்திலேயே ஐநூறு படி. முட்டி வலி உள்ளவர்கள் கீழே ஓடைப் பாதையில் நடந்துவிட்டுக் காத்திருக்கலாம்.

வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு அகலக் கூடாது. நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் கைப்பேசித் தொடர்பே இருக்காது. இருக்கும் இடங்களில் டெல்ஸ்ட்ரா சிம்தான் ஓரளவு எடுக்கும். 1996 ஜூலையில் அமெரிக்காவின் டெத் வேலியில் ஒரு ஜெர்மானியக் குடும்பம் வாடகை வேனைக் கரடுமுரடான பாதையில் இறக்கிவிட்டுச் சிக்கிக்கொண்டது. வண்டியை விட்டு நடந்து போன அவர்களில் பெரியவர்களுடையவை என்று கருதப்படும் எச்சங்கள் 2009இல்தான் கிடைத்தன. 1913 ஜூலை 10இல் 56.7 டிகிரி வெப்பம் பதிவான பள்ளத்தாக்கு அது. வண்டி தேடுபவர்களின் கண்ணில் படும், நிழல் தரும், தொட்டியில் தண்ணீர் இருக்கும். தார்ச்சாலையில் நிற்கும் வண்டிக்கு அந்த வழியே வருகிற யாராவது நிறுத்துவார்கள். ஒவ்வொரு காலையும் கிளம்பும் நேரத்தையும் சேரும் இடத்தையும் ஊரில் ஒருவருக்குச் செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

மொத்தம் ஏழு இரவு ஒதுக்கினால் அவசரப்படாமல் போய்வரலாம்: ஆலிஸில் ஓர் இரவு, யுலாராவில் மூன்று, கிங்ஸ் கேன்யனில் இரண்டு, திரும்பி வந்து ஒன்று. ஐந்து நாளில் முடித்துவிடலாம் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். அப்படிப் போனால் பார்ப்பது பெரும்பாலும் சாலையைத்தான். ஜூன் பயணத்துக்கு டிசம்பரிலேயே வண்டியையும் தளத்தையும் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த பிறகு இங்கேயே ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்து, சுங்கை செடிம் பக்கம் ஓர் இரவு குடும்பத்தோடு தங்கிப் பாருங்கள். யாருக்கு மேல்கட்டில் ஒத்துவரும், கழிப்பறைப் பெட்டியை யார் தூக்குவார்கள், ஆறு பேருக்கு ஒற்றை அடுப்பில் பசியாற எவ்வளவு நேரமாகும் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.